வலப்பக்கம் காலியாக இருந்தது

இறையியல் கல்லூரியில் மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டை நடத்திய ஆசிரியருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நோட்டில் இடது பக்கம் கேள்விக்கு, வலது பக்கம் பதிலுக்கு. கேள்விகளை அவர் வகுப்பில் சொல்லுவார், நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பதிலை நாங்கள்தான் எழுத வேண்டும், ஆனால் உடனே எழுதக் கூடாது. "நம்பாததை எழுதாதீங்க. எங்கேயோ படிச்சதைக் காப்பி அடிச்சா எனக்குத் தெரிஞ்சிடும். பதில் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும்" என்பார். மே மாத விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் நோட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

எனக்குப் பொறுமை கிடையாது. வகுப்பில் முதலாவதாகக் கை தூக்குகிறவள் நான். பதில் தெரிந்தும் எழுதக் கூடாதென்றால் எனக்குக் கை அரிக்கும். ஆனால் அந்த வருடம் நிஜமாகவே பதில் தெரியவில்லை. கடவுள் அனுப்பிய பட்டணத்துக்குப் போகாமல் ஓடி, மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்த தீர்க்கதரிசியைப் பற்றி ஒரு நோட்டில் பாதி, எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த மனிதனைப் பற்றி மீதிப் பாதி. இடது பக்கமெல்லாம் என் குண்டு எழுத்தில் நிரம்பி வழிந்தது. வலது பக்கங்களில் தேதிகூடப் போடவில்லை. அந்த நோட்டோடு செஞ்சிக்கு வந்து இறங்கினேன்.

ஊரில் என் படிப்பைப் பற்றி விளக்கம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றும். பி.காம். படிக்கிறவளிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வருமானச் சான்று எடுக்கப் போன இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "பைபிள் படிக்கறதுக்கு நாலு வருஷமா? அவ்ளோ பெருசா இருக்குது அது?" என்று கேட்டார். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா" என்றேன். வெளியே வந்ததும் நைனா கண்டித்தார். "வாய் இவ்ளோ நீளமா இருந்தா நாளைக்கு எப்டி சபைல ஊழியம் செய்வ?"

நைனா என்றால் என் அப்பா. அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் அவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார். அனந்தபுரம் தாண்டிப் பனமலைக்குப் போகிற வழியில் ஒரு கிராமம், அதன் காலனியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஆலயம். செஞ்சியில் இருக்கும் போதகருக்கு அது மாதிரி ஒன்பது ஊர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வந்து திருவிருந்து கொடுப்பார், மற்ற ஞாயிறுகளில் ஜெபமும் பிரசங்கமும் நைனாதான். சம்பளம் கிடையாது. படிப்பு எட்டாம் வகுப்பு.

அவருடைய பிரசங்கத்துக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. ரேஷன் கடை வரிசையில் ஆரம்பிப்பார். கைரேகை மெஷினில் விரல் பதியாத கிழவரிடம் போவார், அங்கிருந்து மழைக்குப் போவார், எப்போது வேதாகமத்துக்குள் நுழைந்தார் என்றே தெரியாது. முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கம் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஒரு மையக் கருத்து, மூன்று பகுதி, ஒரு முடிவு. இரண்டாம் வருடத்து லீவில் அந்த முறையை நைனாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்குது. எனக்கு வராது" என்றார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவரை நினைத்து. அதை இப்போது எழுதும்போதுதான் நிஜமாக வெட்கமாக இருக்கிறது.

அந்த மே மாதம் ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, "பாப்பா, ஒன் நோட்டக் குடேன். சர்வர் கெடைக்காம மெஷின் நிக்கறப்போ படிக்கறேன்" என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது மட்டுமல்ல, "எடுத்துனு போ நைனா, ஆனா ஒனக்குப் புரியாது" என்று சொன்னேன். புரியவில்லை என்றால் கேள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்தபடி நோட்டைத் துணிப்பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார். பத்து நாள் போல அது அவரோடு போய் வந்துகொண்டிருந்தது. நான் மத்தியானம் வரை தூங்கினேன், செல்போன் பார்த்தேன், வலப்பக்கத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். பெண்கள் பக்கம் பாயில் இடம் கிடைத்தது. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, நைனா பிரசங்கத்துக்கு எழுந்தார். கையில் என் நோட்டு.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து நின்றார். "ஒண்ணு" என்றார். "மீன் முழுங்கினது நடந்த சம்பவமா, ஜனத்துக்குப் புத்தி சொல்லறதுக்காகச் சொன்ன கதையா?" சபையைப் பார்த்தார். சபை அவரைப் பார்த்தது. வலது பக்கத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்தைத் திருப்பினார். "ரெண்டு. அந்தப் பட்டணம் மூணு நாள் நடக்கற அளவுக்குப் பெருசுன்னா, அப்படி ஒரு பட்டணம் எங்க இருந்துது?" திருப்பினார். "மூணு. சொல்ல வேண்டியதச் சொல்லாம அவன் ஏன் கப்பல் ஏறி ஓடினான்?" அப்படியே ஒவ்வொன்றாக. எழுதியிருந்தது ஒன்றையும் விடவில்லை. பாதிரிமார் கூட்டத்தில் பேசத் தயங்குகிற கேள்விகளையெல்லாம், மல்லாட்டைக் கடலை பறித்துக் கை வீங்கியிருந்த அந்தப் பெண்களின் முன்னால் நம்பர் போட்டு வாசித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் நோட்டை மூடிவிட்டு, "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

ஐயோ! அவருக்கு என்ன தோன்றியிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. எழுதியிருப்பதுதான் பாடம், எழுதாத பக்கம் வெறும் பக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது நம் ஜனத்துக்கும் கிடைக்கட்டும் என்று அப்படியே கொண்டுவந்து பரிமாறிவிட்டார்.

வாசலில் சபைக் காரியதரிசி காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுத்தில் வைத்துக்கொள்கிறவர்.

"உபதேசியாரே, மீன் முழுங்கினதே பொய்னு சொல்றியா?"

"நான் எங்க பொய்னு சொன்னேன்? கேக்கறாங்கன்னுதானே சொன்னேன்."

"யாரு கேக்கறாங்க?"

நைனா என் பக்கம் திரும்பினார். ஒரு கணம்தான். உடனே பார்வையை எடுத்துவிட்டு, "என் மனசுதான் கேட்டுது" என்றார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

மொபெட்டில் அனந்தபுரம் வரை வந்துவிட்டோம். கடைவீதியில் மொபெட் மெதுவாகப் போனபோது கேட்டேன்: "ஏன் நைனா, என் நோட்டுன்னு சொல்லல?"

"நீ லெட்டர் வாங்கணும் இல்ல" என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறக்கும்போது சொந்தச் சபையின் போதகர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். இவள் ஊழியத்துக்குத் தகுதியானவள் என்று அதில் இருக்கும். நான்காம் வருடக் கடிதம் இல்லையென்றால் மூன்று வருடப் படிப்பும் போயிற்று. ஏற்கெனவே பெண் பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டவர்கள் கமிட்டியில் இருந்தார்கள். என் நோட்டு என்று தெரிந்தால் காரியதரிசியே முதலில் கையைத் தூக்கி வேண்டாம் என்பார். இதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பது அந்த இரண்டு வாரத்தில் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பிரசங்கத்தை விசாரிக்கக் கமிட்டிக் கூட்டம் போதகர் வீட்டில் நடந்தது. நைனாவை வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன், போதகரம்மாவுக்கு டீ போட உதவுகிற சாக்கில். தட்டை எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்குள் நுழைந்த நேரத்தில்தான் போதகர் கேட்டார்: "உபதேசியாரே, இந்தக் கேள்வியெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சிது?"

"மனசுல வந்துதுங்க ஐயா."

"இத்தனையும் மனசுல வந்துதா?"

"ஆமாங்க ஐயா."

பொய் சொல்லி நான் பார்த்திராத மனிதர். நான் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டினேன். காரியதரிசி, "சக்கரை கம்மியா இருக்குதாம்மா?" என்று கேட்டார். "கம்மிதாங்க ஐயா" என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அது ஒன்றுதான்.

உபதேசியார் கொஞ்ச காலம் ஓய்வாக இருக்கட்டும் என்று முடிவானது. அச்சடித்த பிரசங்கப் புத்தகத்திலிருந்து காரியதரிசி வாசிப்பார். மறு ஞாயிறும் நைனா போனார், போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது. ஆண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்தார், முழங்காலில் வைத்தார், பிறகு சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடம் எதிர்ப்பக்கம் நின்ற மனிதர். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே எனக்குக் கடிதம் கிடைத்தது. நற்சாட்சியுள்ளவள், உண்மையுள்ளவள் என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாதான் எழுதிக் குடுத்துக்கிறாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் கிளம்புகிற வரை மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நைனாதான் வந்தார். பெட்டியை ஏற்றி, ஜன்னலோர சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். இறங்கி வெளியே நின்று, "நோட்ட எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்டார். பஸ் கிளம்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு கேவலம் பாருங்கள், நிம்மதியாக இருந்தது.

கல்லூரியில் நோட்டைக் கொடுக்க ஒரு வாரம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, விடுதி அறையில் ஏதாவது எழுதித் தொலைப்போம் என்று நோட்டைத் திறந்தேன். வலப்பக்கத்தில் எழுத்து இருந்தது. பென்சில் எழுத்து, நைனாவுடையது. ஒரு பக்கம் இல்லை, பல பக்கங்களில்.

முதலில் எனக்கு வந்தது கோபம். மார்க் போடுகிற நோட்டில் கிறுக்கி வைத்திருக்கிறாரே, ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா! பென்சில் பெட்டியைக் கவிழ்த்து ரப்பரைத் தேடி எடுத்தேன். அழிக்கக் குனிந்தபோதுதான் படித்தேன்.

சாம்பலில் உட்கார்ந்த மனிதனைப் பற்றிய பகுதி அது. இடது பக்கத்தில் என் எழுத்து: 'நல்லவனுக்குத் துன்பம் ஏன்?' எதிரே பென்சிலில்: 'வேலிகாத்தான் முள் ஓரத்து வீடு. மருமவன் பைக்கில் அடிபட்டு காலில் ராடு வைத்திருக்குது. திங்கள் போகணும்.' அடுத்த பக்கத்தில் என் கேள்வி: 'கடவுள் பதில் சொல்லாதது ஏன்?' எதிரே: 'பால் ஊற்றுகிற அம்மா. கண் ஆபரேஷன். துணைக்கு ஆள் இல்லை.' அதற்கும் அடுத்தது: 'ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் செய்த தவறு என்ன?' எதிரே: 'கிணற்று மேட்டு வீட்டுக்காரர். இந்த வருஷமும் மல்லாட்டை போச்சு. யாரிடமும் பேசறதில்லை. போய் சும்மா உட்கார்ந்து வரணும்.'

நான் ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். கேள்வியைப் பார்த்து அவர் பதில் எழுதினாரா, காலியாக இருந்த இடத்தில் வேலைக் குறிப்பு எழுதினாரா, எனக்குத் தெரியாது. பின்னால் கேட்டபோது, "அந்தப் பக்கம் சும்மாதானே கெடந்துது, எழுதிக்கினேன். பென்சில்லதான் எழுதினேன், அழிச்சிக்கோ" என்றார்.

மீன் பகுதிக்குத் திரும்பினேன். மூன்றாவது கேள்வி: 'சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவன் ஏன் ஓடினான்?' எதிர்ப்பக்கத்தில் ஒரே வரி: 'பாப்பாவுக்கு லெட்டர். ஐயாவை நேரில் பார்த்துக் கேட்கணும்.'

பிரசங்கம் முடிந்த அன்றே நோட்டு என் கைக்கு வந்துவிட்டது; அப்படியானால் அதற்கு முன்னால் எழுதியது அது. அவர் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் வரிசையில் நானும் ஒருத்தி. அந்த மத்தியானம் தலையணையில் முகம் புதைத்து அழுதேன். நைனாவுக்காக அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். இல்லை, என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதேன். மூன்று வருடமாக எத்தனை பாஷை, எத்தனை ஆராய்ச்சி, எத்தனை பரீட்சை; ஒரு டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அது என் நோட்டுங்க ஐயா என்று சொல்ல எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். செஞ்சியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. போனால் நைனா தடுத்துவிடுவார். நேராகப் போதகர் வீட்டுக்குப் போய் நோட்டையும் கடிதத்தின் நகலையும் மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கடிதத்தைத் தொடவில்லை, நோட்டைப் புரட்டினார். வலப்பக்கங்களை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இந்த வேலிகாத்தான் ஓரத்து வீடு எதும்மா?"

"எனக்கும் தெரியாதுங்க ஐயா."

நோட்டை மூடினார். பிறகு, "என்கிட்ட சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. எங்க அவரை உக்கார வச்சாங்களோ அங்க போய்ச் சொல்லு. நாளைக்கு நீ அஞ்சு நிமிஷம் பேசுவேன்னு காரியதரிசிக்குப் போன் பண்றேன். லெட்டரைப் பத்தி அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' எனக்குப் பயமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் நைனா, "இன்னாத்துக்கு இப்ப வந்த? நோட்டு குடுத்துட்டியா?" என்றார். "இன்னும் இல்ல நைனா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தட்டில் சோறு போட்டாள்.

மறுநாள் காரியதரிசி கூப்பிட்டதும் முன்னால் போய் நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று பகுதியும் மறந்துபோனது. "அன்னிக்கு நைனா படிச்ச கேள்வியெல்லாம் என்னுது. காலேஜ்ல நான் எழுதினது. எனக்கு லெட்டர் கெடைக்கணும்னு அவர் தன் மேல போட்டுக்கினாரு. நான் பக்கத்துலயே இருந்தேன். இருந்தும் சொல்லல. பயந்துட்டேன்" என்றேன். நைனா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியது பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா. ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தாள். யாரென்று நோட்டைப் படித்த எனக்குத் தெரிந்தது.

"அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் யம்மா. உபதேசியாரு என்னிக்கு ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுப் பேசியிருக்காரு? கமிட்டிக்குத்தான் தெரியல."

பாயில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரிஞ்சும் ஏம்மா யாரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நாங்க ஏன் சொல்லணும்? நாளைக்கு எங்களுக்கு ஊழியம் செய்ய வரப்போறவ நீ. நீ எப்ப வாயத் தொறப்பன்னுதான் பாத்துனு இருந்தோம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் என்னை விடவில்லை. கடிதத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நான்காம் வருடம் படித்தேன், முடித்தேன். நோட்டை அழிக்காமல்தான் கொடுத்தேன். ஆனால் ஊழியத்துக்கு நான் எழுதிய பரீட்சை எது என்று யாராவது கேட்டால், அந்தத் தகரக் கூரைக்கு அடியில் நடந்ததைத்தான் சொல்வேன். அதிலும் தாமதமாகத்தான் விடை கொடுத்தேன்.

"சரி, வந்து ஒக்காரு. அவரு பேசட்டும்" என்று அந்த அம்மா நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

நைனா காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி அச்சடித்த புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நைனா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"வியாழக்கெழம கடையில சர்வர் கெடைக்கல" என்று ஆரம்பித்தார்.